சாமி இல்லாத கருவறை

ஆலங்கரைக் கோவில் உமாபதி குருக்களுக்கு முப்பத்தாறு வயது. அவருடைய சீடர் சிற்றம்பலத்துக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. "அப்பா வயசு ஆளுக்கு இவர் குருவா?" என்று ஊரில் கேட்காத வாய் இல்லை. அது சிற்றம்பலத்தின் காதுக்கும் போயிற்று.

"பஸ்ல ஏறிட்டா வயசு பார்த்தா டிக்கெட் வாங்குறோம்? யார் கையில டிக்கெட் இருக்கோ அவங்ககிட்ட வாங்கிக்க வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சர்வீஸ் முழுக்கக் கண்டக்டராக ஓடியவர் வேறு எப்படிப் பேசுவார்?

உமாபதி குருக்கள் அதிகம் பேசமாட்டார். நாம் நீளமாக ஒன்று கேட்போம், பதில் இவ்வளவு சின்னதாக வரும். கேட்ட நமக்குத்தான் கூச்சமாகப் போய்விடும். ஒருமுறை மேலத்தெரு ஆள் ஒருவர் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, சனிக்கு என்ன பரிகாரம் செய்யலாம் என்று விலாவாரியாகக் கேட்டார்.

"கடைசியா எப்போ நன்னாத் தூங்கினேள்?" என்றார் குருக்கள்.

"தூங்கி நாலஞ்சு நாளாச்சு சாமி."

"இன்னிக்குப் போய்த் தூங்குங்கோ. நாளைக்குப் பரிகாரம் பேசலாம். சனி பகவான் எங்கேயும் ஓடிப் போயிடமாட்டார்."

பக்கத்தில் நின்று இதைக் கேட்ட எனக்கு அன்றிலிருந்தே அவர்மேல் தனி மரியாதை.

இனி நான் சொல்லப்போவது சிற்றம்பலமே எங்களிடம் சொன்னது. கோவில் வாசலில் பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தாமல் சொன்னார். அதற்காகவே அவரையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எங்கள் கோவிலுக்குச் சம்பளம் வாங்கும் ஓதுவார் கிடையாது. ஓய்வு பெற்றபின் சிற்றம்பலம்தான் சாயரட்சை பூஜையில் தாளத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பதிகம் பாட ஆரம்பித்தார். விசில் இல்லாமலே பஸ்ஸை நிறுத்திய குரல் அது. அர்த்தமண்டபத்தில் நின்று பாடினால் வெளியே செருப்பு பார்த்துக்கொள்கிற அம்மாள்கூடக் கண்ணை மூடிக்கொள்வாள். கடைசி வரி முடிகிறவரை குருக்கள் தீபாராதனைத் தட்டை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நிற்பார். சம்பளம் இல்லாவிட்டால் என்ன, அவரை "ஓதுவாரே" என்றுதான் குருக்கள் கூப்பிடுவார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதம் அந்தக் குரல் நின்றுபோனது. சிற்றம்பலம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. குளிக்கவில்லை. சோறு போட்டால் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டவர்களிடமெல்லாம் "மஞ்சக்காமாலை" என்று சொன்னாள் அவருடைய மனைவி தையல்நாயகி. ஊரே கீழாநெல்லியைக் கத்தை கத்தையாகப் பறித்துக்கொண்டு வந்து கொடுத்தது. அவள் எல்லாவற்றையும் வாங்கிக் கொல்லையில் போட்டுவிட்டு, விடிகாலைப் பஸ்ஸில் அவரைக் கும்பகோணத்துக்கு மனநல டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். மெல்ல மெல்ல அவர் எழுந்து உட்கார்ந்தார், குளித்தார், காபி கேட்டார். கார்த்திகைக்குள் பாடவும் வந்துவிட்டார். கீழாநெல்லியின் மகிமையை ஊர் ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்தது.

அப்புறம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. போன ஐப்பசியில் சிற்றம்பலம் குருக்களிடம் போய், தமக்குச் சிவதீட்சை செய்துவைக்க வேண்டும் என்று கேட்டார்.

"கும்பாபிஷேகம் ஆகட்டும். அப்புறம் வச்சுக்கலாம்" என்றார் குருக்கள்.

கும்பாபிஷேகம் தை மாதக் கடைசியில். அதற்குள் தம்மைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும் என்று சிற்றம்பலம் முடிவு செய்தார். முதலில் வெங்காயத்தையும் பூண்டையும் விட்டார். பிறகு காபியை விட்டார். கட்டிலை விட்டுத் தரைக்கு வந்தார். செருப்பை விட்டார். கார்த்திகை பிறந்தபோது மாத்திரையையும் விட்டுவிட்டார். தீட்சை வாங்கப் போகிறவன் ஒரு கையால் சிவனையும் இன்னொரு கையால் மாத்திரையையும் பிடித்துக்கொண்டிருந்தால் எப்படி என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. டாக்டரைக் கேட்கவில்லை, குருக்களிடமும் சொல்லவில்லை. மனைவி கையில் கொடுப்பதை வாயில் போடுகிற மாதிரி போட்டு, கொல்லைக்குப் போய்ச் செம்பருத்திச் செடியடியில் துப்பிவிட்டு வருவார். பக்தி இல்லாதவன் இந்தத் தப்பைச் செய்திருக்கவே மாட்டான்.

கோவிலில் அப்போது திருப்பணி நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஆலங்கரைநாதர் பாலாலயத்தில் இருந்தார். திருப்பணி என்றால் கொத்தனாரும் ஸ்தபதியும் கருவறைக்குள்ளேயே போய் வேலை செய்யவேண்டியிருக்கும். அதனால் மூலவரிடமிருந்து சாமியைக் கும்பத்து நீரில் இறக்கி, அத்திப் பலகையில் எழுதிய ஒரு படத்தில் ஏற்றி, பக்கத்தில் ஒரு சின்ன அறையில் கொண்டுபோய் வைப்பார்கள். வேலை முடிந்து கும்பாபிஷேகம் ஆகிறவரை சாமி அங்கேதான். கருவறையில் கல் மட்டும் இருக்கும்.

மார்கழி வந்தது. விடியற்காலையில் பாட வேண்டிய சிற்றம்பலம் முதல் வாரம் பாடினார். இரண்டாவது வாரம் பாதியில் நிறுத்தித் தொண்டையைத் தடவிக்கொண்டார். பிறகு வரவே இல்லை. பனி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

ஒருநாள் மழை பெய்து ஓய்ந்ததும் பூப்பறிக்கப் போன தையல்நாயகி, செம்பருத்தி வேரடியில் மண் கரைந்து வெள்ளை வெள்ளையாகக் கிடந்ததைப் பார்த்தாள். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதல் வேலையாகக் கிணற்றடிக் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு அவரோடு பேச்சுக் கொடுக்கச் சொல்லிவிட்டு நேரே கோவிலுக்கு வந்தாள்.

"சாமி, அவர் சொல்றது எனக்குப் பயமா இருக்கு. நான் இருந்து என்ன ஆவப் போவுது, நாலு பேருக்குப் பாரம்தானேங்கிறாரு. டாக்டர்கிட்ட போவோம்னா, சிவன் கைவிட்டப்புறம் டாக்டர் என்ன பண்ணுவாருன்னு கேக்குறாரு. என் பேச்சு எடுபடலை."

அவள் மூன்று வருஷக் கதையையும் சொன்னாள். குருக்கள் கேட்டுக்கொண்டே இருந்தார். இடையில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"அந்த டாக்டர் நம்பர் இருக்கா?"

"இருக்கு சாமி."

"கொடுத்துட்டுப் போங்கோ. நடை சாத்தினப்புறம் அவரை அழைச்சுண்டு வாங்கோ. தனியா அனுப்ப வேண்டாம். பாடச் சொல்லிக் கூப்பிடலேன்னு மட்டும் சொல்லுங்கோ."

அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் வந்தேன் என்றார் சிற்றம்பலம். அன்றைக்குப் பாடக் கூப்பிட்டிருந்தால் வந்திருக்கவே மாட்டாராம்.

மத்தியானம். கோவிலில் கும்பிட வந்த ஆள் யாரும் இல்லை. கொடிமரத்தடியில் தையல்நாயகி உட்கார்ந்துகொண்டாள். சவரம் செய்யாத முகத்தோடு சிற்றம்பலம் குருக்களுக்கு முன்னால் வந்து நின்றார்.

"சாமி, தீட்சை எனக்கு வேணாம். எனக்குத் தகுதி இல்லை."

"அது இருக்கட்டும். வாங்கோ."

குருக்கள் மூலவர் சந்நிதிக்கு நடந்தார். சிற்றம்பலம் பின்னாலேயே போய், வழக்கமாகத் தாம் பாடும் இடம் வந்ததும் தன்னால் நின்றுவிட்டார்.

"ஏன் நின்னுட்டேள்? உள்ளே வாங்கோ."

"உள்ளேன்னா?"

"கருவறைக்குள்ளே. படி கொஞ்சம் ஒசரம், பாத்து."

"நானா? சாமி, நான் எப்படி..."

"கொத்தனார் வந்துண்டும் போயிண்டும்தான் இருக்கார். நீங்களும் வரலாம். இப்போ ஸ்வாமி இங்கே இல்லை."

சிற்றம்பலம் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே காலை வைத்தார். இத்தனை வருஷம் எட்டி நின்று கும்பிட்ட இடம். உள்ளே ஒரே சுண்ணாம்புத் தூசி. சாரம் கட்டியிருந்தது. விளக்கு தொங்குகிற சங்கிலியில் கொத்தனாரின் சட்டை தொங்கியது. ஒரு மூலையில் யாருடைய டிபன் கேரியரோ இருந்தது. நடுவில் லிங்கத்தை வெள்ளைத் துணியால் சுற்றி வைத்திருந்தார்கள்.

குருக்கள் குந்தி உட்கார்ந்து துணியின் அடிப்பக்கத்தைத் தூக்கிக் காட்டினார். லிங்கம் ஆவுடையாரோடு சேருகிற இடத்தில் பழைய சாந்தை ஸ்தபதி முழுக்கச் சுரண்டி எடுத்திருந்தார். சுற்றிலும் கறுப்பாக ஒரு பிளவு தெரிந்தது.

"விரலை வச்சுப் பாருங்கோ."

"தொடலாமா சாமி?"

"தொடுங்கோ."

சிற்றம்பலம் விரலை வைத்தார். உள்ளே போயிற்று. ஓர் எறும்பு வெளியே வந்து அவர் கைமேல் ஊர்ந்தது.

"இவ்வளவா விட்டுப் போயிருந்துச்சு? நாங்க தினம் வந்து கும்பிட்டுட்டுத்தானே போனோம்?"

"வெளியிலேர்ந்து பாத்தாத் தெரியாது. மாலையும் வஸ்திரமும் சாத்தியிருக்குமே. அபிஷேக ஜலம் கோமுகி வழியா வெளியே போகாம உள்ளே இறங்க ஆரம்பிச்சுது. அப்போதான் எனக்கே தெரிஞ்சுது."

சிற்றம்பலத்துக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மாதத்தில் அவர் அழுதது அதுதான் முதல் தடவை. அதுவரை அழக்கூட வரவில்லை என்றார்.

"என்ன குத்தம் நடந்துச்சு சாமி? பூசையில ஏதாவது குறை வச்சிட்டோமா?"

"குறையா? பூஜை நடந்ததாலேதான் இப்படி. தினமும் குடம் குடமாத் தண்ணி, எண்ணெய், பால். ஊர்ல இருக்கிற அத்தனை பேரும் அவா அவா கஷ்டத்தையும் சேர்த்து இவர் தலையிலேதான் கொட்டறா. பிடிப்பு இளகத்தானே செய்யும்?"

சிற்றம்பலம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே மண்டபத்திலிருந்து உலக்கைச் சத்தம் வந்தது.

"அது என்ன சாமி இடிக்கிறாங்க?"

"புது அஷ்டபந்தனம். குங்கிலியம், கொம்பரக்கு, தேன்மெழுகுன்னு எட்டுச் சரக்கு. எருமை வெண்ணெய் விட்டு இடிச்சுண்டே இருக்கணும். பதம் வந்தப்புறம் இந்தப் பிளவைச் சுத்தி வச்சு அடைப்பா."

"ஏன் சாமி, நீங்க உக்காந்து மந்திரம் சொன்னா இது இறுகாதா?"

குருக்களுக்குச் சிரிப்பு வந்தது.

"ஆகமத்துல மந்திரமும் சொல்லியிருக்கு, எருமை வெண்ணெயும் சொல்லியிருக்கு. ரெண்டுல ஒண்ணை விட்டுடறதுக்கு எனக்கு அதிகாரம் கிடையாது."

சிற்றம்பலம் தலையைக் குனிந்துகொண்டார். செம்பருத்திச் செடியைப் பற்றிக் குருக்களுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கு அப்போது புரிந்தது. ஆனால் குருக்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. துணியை இழுத்து ஒழுங்காகப் போர்த்திவிட்டு எழுந்தார்.

"ஸ்வாமியைப் பாத்துட்டுப் போலாம், வாங்கோ."

பாலாலய அறை, ஒரு காலத்தில் சாமி வாகனங்களின் குடைகளையும் தீவட்டிகளையும் போட்டுவைத்திருந்த இடம். நாலு பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். மேலே தகரம். ஒரு சின்ன மேடையில் அத்திப் பலகை, முன்னால் ஒற்றை விளக்கு. காலையில் யாரோ வைத்த நாலு அரளிப்பூ வாடிக் கிடந்தது.

"இங்க வந்ததுலேருந்து கூட்டமே காணும்" என்றார் சிற்றம்பலம்.

"கூட்டம் எதுக்கு? இங்கே இருக்கிற வரைக்கும் உத்ஸவம் கிடையாது. வீதி உலா கிடையாது. பலகைக்கு அபிஷேகம்கூடப் பண்றதில்லே. ஒரு விளக்கு, ஒரு கை நைவேத்தியம். அவ்வளவுதான்."

"ஊருக்கே படியளக்கிறவரு. இந்தப் பொந்துல கொண்டாந்து வச்சதுக்குக் கோவிச்சுக்க மாட்டாரா?"

"இந்தச் சமயத்துல அவரை யாரும் எதுவும் கேட்டுத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதானே இங்கே வச்சிருக்கு."

சாமிக்கு முன்னால் நின்றதும் பழக்க தோஷத்தில் சிற்றம்பலம் பாட வாயைத் திறந்தார். காற்று மட்டும்தான் வந்தது. மறுபடி முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. குருக்கள் அவர் முழங்கையைத் தொட்டார்.

"வேண்டாம் ஓதுவாரே."

"ஒரு வரியாவது சாமி. சும்மா நிக்க ஒரு மாதிரியா இருக்கு."

"நிக்க வேண்டாம். உக்காருங்கோ."

இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். குருக்கள் ஜபமும் செய்யவில்லை, உபதேசமும் செய்யவில்லை. சிற்றம்பலம் சுவரில் சாய்ந்தார். எத்தனையோ நாள் கழித்து அவருக்குக் கண் சொக்கியது. அப்படியே தூங்கிப்போனார்.

சாயங்காலம் நடை திறக்கும் நேரம் வந்தது. நாங்கள் வாசலில் எண்ணெய்க் கிண்ணத்தோடும் பூவோடும் நின்றுகொண்டிருந்தோம். கதவு திறக்கவில்லை. "குருக்கள் தூங்கிட்டாரா?" என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். தூங்கியது யார் என்று எங்களுக்குத் தெரியாது. உள்ளே குருக்கள், தம் தோளில் சரிந்திருந்த தலை ஆடிவிடக்கூடாதே என்று அசையாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். பூஜை நேரத்தை ஒரு நிமிஷம்கூடத் தவறவிடாத மனிதர் அவர். அன்றைக்குச் சாமியையும் காக்க வைத்தார், எங்களையும் காக்க வைத்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றுகிறது.

சிற்றம்பலம் தானாக விழித்ததும் வெளியே பேச்சுச் சத்தம் கேட்டுப் பதறிப்போனார்.

"ஐயையோ, நேரமாயிட்டே! எழுப்பியிருக்கக் கூடாதா சாமி?"

"இப்போ என்ன ஆயிடுத்து?" என்றார் குருக்கள். பிறகு, "தீட்சைக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு அனுஷ்டானம் சொல்லணும். செய்வேளா?" என்று கேட்டார்.

"தகுதி இல்லைன்னு சொன்னேனே சாமி."

"நான் கேட்டது செய்வேளான்னு."

"சொல்லுங்க."

"நாளைக்குக் காலம்பற முதல் பஸ். கும்பகோணம். நானும் வரேன்."

"பூசை?"

"சித்தப்பா பிள்ளையை வரச் சொல்லியிருக்கேன். டாக்டர்கிட்டேயும் பேசிட்டேன். இன்னிக்கு ராத்திரி உங்காத்துக்காரி பக்கத்துலேயே இருக்கட்டும். மனசு ரொம்பப் படுத்தித்துன்னா எந்நேரமானாலும் எனக்குப் போன் பண்ணுங்கோ. பண்ணுவேளா?"

சிற்றம்பலம் தலையாட்டினார்.

"வாயால சொல்லுங்கோ."

"பண்றேன் சாமி."

மறுநாள் பஸ்ஸில் மூன்று பேரும் ஏறினார்கள். அந்த வண்டிக் கண்டக்டர் சிற்றம்பலத்திடம் வேலை பழகியவர்.

"அண்ணே! என்னண்ணே, ஆளே இளைச்சுப் போயிட்டீங்க? சாமியோட எங்க காலங்காத்தாலயே?"

சிற்றம்பலம் சட்டென்று, "கும்பாபிஷேகத்துக்குப் பாத்திரம் எடுக்கப் போறோம்" என்றார்.

கண்டக்டர் குருக்களைப் பார்த்தார். குருக்கள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தையல்நாயகி டிக்கெட் வாங்கினாள்.

டாக்டர் ஒரு பெண்மணி. கோபித்துக்கொள்வார் என்று சிற்றம்பலம் பயந்துகொண்டே போனார். அவர் கோபிக்கவில்லை. எப்போது நிறுத்தினார், தூக்கம் எப்படி, சாகவேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டார். சிற்றம்பலம் ஆமாம் என்றார். தையல்நாயகி முகத்தை மூடிக்கொண்டாள். டாக்டர் அதற்கும் பதறாமல் அவரோடு ரொம்ப நேரம் பேசினார். கொஞ்ச நாளைக்குத் தனியாக இருக்கக்கூடாது, மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது, அடுத்த வாரமே மறுபடி வந்து காட்டவேண்டும் என்றார்.

"இவர் விரதம் இருக்கார். இருக்கலாமா?" என்று கேட்டார் குருக்கள்.

"இப்போதைக்குப் பட்டினி வேண்டாம். நல்லா சாப்பிடட்டும்" என்றார் டாக்டர்.

"அப்போ விரதத்தை நான் எடுத்துடறேன். காபி?"

"காலையில ஒண்ணு தாராளமா குடிக்கலாம்."

குருக்கள் சிற்றம்பலத்தைப் பார்த்து, "காபியும் உண்டு" என்றார். சிற்றம்பலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் சிரிக்கவேண்டிய இடம் என்பது தெரிந்தது என்று எங்களிடம் சொன்னார்.

மருந்து வாங்கத் தையல்நாயகி வரிசையில் நின்றாள். குருவும் சீடரும் சுவரோரத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் ஒரு காலேஜ் பெண், அவளுக்கு அப்பால் கைக்குழந்தையோடு ஒருத்தி, எதிரே இஸ்திரி போட்ட சட்டையில் ஒரு பெரிய மனிதர். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. குடுமியும் விபூதியுமாக ஒருவர் வந்து உட்கார்ந்திருப்பதை மட்டும் எல்லோரும் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். குருக்கள் மடியிலிருந்து கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, சிற்றம்பலத்துக்கு ஒன்று கொடுத்துவிட்டுத் தாமும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். அந்தக் கைக்குழந்தை கையை நீட்டியது. அதன் அம்மாவைக் கேட்டுக்கொண்டு அதற்கும் ஒரு துணுக்கு கொடுத்தார்.

"சாமி" என்றார் சிற்றம்பலம்.

"ம்."

"இது ரெண்டாவது தடவை. சரியாயிடும்கிறாங்க. சரியாயி, மறுபடியும் வந்துட்டுன்னா?"

"வரலாம். வராமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது."

"வந்துட்டுன்னா என்ன சாமி பண்றது?"

"இதே பெஞ்சுல வந்து உக்காரலாம். நானும் வரேன்."

கடலைமிட்டாய் சிற்றம்பலத்தின் கையிலேயே இருந்தது. வரிசை நகர்ந்தது. தையல்நாயகி திரும்பித் திரும்பி இவர்களைப் பார்த்துக்கொண்டே போனாள்.

"நீங்க வருவீங்க சாமி. அதுல எனக்குச் சந்தேகம் இல்லை" என்றார் சிற்றம்பலம். "ஆனா ஊர்ல கேப்பாங்களே. ஏன் பாட வரலைன்னு நாளைக்கே கேப்பாங்க. அந்த வியாதியைப் போய் எப்படிச் சாமி வாயைத் திறந்து சொல்றது? கோயில்ல நின்னு பாடினவன் நான்."

குருக்கள் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

"ஆலங்கரைநாதருக்கே பிடிப்பு விட்டுப் போச்சு ஓதுவாரே. அதைக் கும்பாபிஷேகப் பத்திரிகை அடிச்சு, மைக் கட்டி, சுத்துவட்டாரம் பூரா நாமதானே சொல்லிண்டிருக்கோம்."